சுளுக்கென்று நான் சொன்ன கழுத்து

முதலில் ஊரில் உலாவும் ஒரு கதையை நிறுத்திவிடுகிறேன். என் கழுத்து மைதானத்தில் போகவில்லை.

ரொறன்ரோவில் தமிழர் கூடுகிற எந்த விசேஷத்துக்குப் போனாலும், பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசையோ கலியாண வீடோ, யாராவது ஒரு அன்ரி தன் மகனைத் தோளில் பிடித்து என் பக்கம் திருப்புகிறார். "உவர் ஜெறாட் அண்ணை எப்பிடி இருந்த ஆள் தெரியுமோ? உந்த விளையாட்டாலை வந்த வினை." பெடியன் என் இடது கையைப் பார்ப்பான். நான் ஒரு ரோல்ஸை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். நான்கு வருடங்களாக இந்தக் கதையை நான் மறுத்ததில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். உண்மையில் அது நடந்தது பிறம்ரனில், ஒரு வீட்டு பேஸ்மென்டில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம். என் இரண்டு தோள்களையும் அப்பா அமர்த்திப் பிடித்திருந்தார்.

நான் என்ன விளையாடினேன் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கனடாக் கால்பந்து என்பது உதைபந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, இரும்புத் தொப்பி மாதிரி ஒரு ஹெல்மெட், தோளில் கவசம். ஒரு பக்கம் பந்தைக் கையில் கொண்டு முன்னேறப் பார்க்கும், மற்றப் பக்கம் மறிக்கும். நான் மறிக்கிற பக்கம். முன்வரிசையில் முட்டி மோதுகிற பருத்த ஆட்களுக்கு நாலைந்து அடி பின்னால் நிற்பவனை லைன்பேக்கர் என்பார்கள். பந்து யார் கையில் போகிறது என்று கண்டுபிடித்து அவனை ஓடிப்போய் இடித்து நிலத்தில் விழுத்துவது அவன் வேலை. அந்த இடிக்கு ரக்கிள் என்று பெயர். நான்கு வருடம் நான் செய்தது அதைத்தான், நன்றாகவே செய்தேன்.

ஊர்காவற்றுறையிலிருந்து நாங்கள் வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. ரெக்ஸ்டேலில் பன்னிரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா மரியதாஸ் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை, அம்மா பேக்கரியில் பாண் அடுக்குகிற வேலை. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் வராது. நான் ஒரே பிள்ளை. ஆகவே வீட்டுக்கு வாய் நான்தான். வங்கி, பள்ளிக்கூடம், அகதி வழக்கு, வீட்டுக்காரன், எங்கே போனாலும் அப்பா பக்கத்தில் நின்று நான் கதைப்பேன். அதிகாரி வாயைத் திறப்பதற்கு முன்பே முகத்தைப் பார்த்து என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குப் பிடிபட்டுவிடும். கெட்ட சேதியைக் கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்லவும் பழகிவிட்டேன். கணக்கு வாத்தியார் நான் வகுப்பில் நித்திரை என்று முறையிட்டபோது, "பெடியன் அமைதியாம்" என்று அப்பாவுக்குச் சொல்லிச் சமாளித்தவன் நான்.

அந்த முகம் வாசிக்கிற பழக்கம்தான் மைதானத்தில் என்னைக் காப்பாற்றியது. என்னைவிட வேகமாக ஓடுகிறவர்கள் அணியில் இருந்தார்கள், பலசாலிகள் இருந்தார்கள். ஆனால் எதிரே குனிந்து நிற்பவனின் விரல் நுனியில் பாரம் எப்படி இறங்குகிறது, கண் எந்தப் பக்கம் தப்பி ஓடுகிறது என்று பார்த்து, பந்து வருகிற இடத்தில் நான் முன்னதாகவே நிற்பேன். பதினைந்து வயதில் ஆறடி உயரம். உடற்பயிற்சி ஆசிரியர் என்னைப் பார்த்துவிட்டுக் கூடைப்பந்துக்காரரிடம் விடவில்லை. நகரிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இரண்டாம் வருடம் முழுநேரமாக இறங்கினேன், மூன்றாம் வருடம் மாகாண நட்சத்திர அணியில் என் பெயர் வந்தது. ஒரு தமிழ்ப் பத்திரிகை அதைப் பெரிதாகப் போட்டது. போட்ட படம் என்னுடையதல்ல, ஹெல்மெட்டுக்குள் எவன் இருக்கிறான் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்! அம்மா அதையும் வெட்டி வைத்திருக்கிறா.

அப்பா முதலில் வரவே மாட்டார். கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறதுக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவனை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று நக்கலடிப்பார். மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து நித்திரை கொள்ளாமல் வந்து இருந்தார். அன்றைக்குப் பிறகு ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. விதிமுறை ஒன்றும் தெரியாது, ஆனால் நான் ஒருவனை விழுத்தினால் எழும்பி நின்று, "அது என்ரை மகன்" என்று பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரருக்குத் தமிழிலேயே சொல்லுவாராம்.

என்னிடம் ஒரு பிழை இருந்தது. இடிக்கும்போது தலையைக் குனிந்துவிடுவேன். பயிற்சியாளர் நான்கு வருடமும் தொண்டை கிழியக் கத்தினார், தலையை நிமிர்த்து, எதை இடிக்கிறாய் என்று பார் என்று. நான் தலையாட்டிவிட்டு மறுபடி குனிவேன். அப்படி இடித்த நேரங்களில் கழுத்திலிருந்து விரல் நுனிவரைக்கும் நெருப்பு ஓடும். எங்கள் எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். கையை உதறிவிட்டுத் திரும்ப நிற்போம். நாலாம் வருடம் அது இரண்டு கைக்கும் வரத் தொடங்கியது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தொழில்முறை அணிகளின் ஆட்கள் என்னைப் பார்க்க வருகிறார்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அந்தப் பருவத்தின் அரையிறுதி ஒரு சனிக்கிழமை, அதற்கு அவர்கள் வருவார்கள். எனக்கு இருந்தது ஒரே நினைப்பு, அந்தச் சனிக்கிழமை.

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை. முதல்நாள் ஆட்டம் முடிந்து படுத்து எழும்பி வந்தேன். அம்மா தேத்தண்ணி தந்தா. வாங்கினேன், கிண்ணம் கையில் நிற்கவில்லை. கிண்ணம் விழுந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் அறிந்தேன். விரல்களுக்குத் தெரியவில்லை. அப்பா காற்சட்டையை மாற்றாமலே காரை எடுத்தார்.

பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஐந்து மணித்தியாலம் இருந்தோம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. கழுத்துக்குள்ளே நரம்பைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி, நகர மத்தியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. எடுக்கப் பத்து நாள் காத்திருந்தோம். அது காந்தத்தால் உடம்புக்குள் படம் எடுக்கும் குழாய். வலியில்லை. ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் கிடக்கவேண்டும், காதுக்குப் பக்கத்தில் தகரத்தில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள் படுத்துக்கொண்டு நான் வரப்போகிற அரையிறுதியைத்தான் யோசித்தேன். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு ஆட்டம் ஆடியும் விட்டேன். ஆடவேண்டாம் என்று அவசரப் பிரிவில் சொன்னதை அப்பாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அது முதல் பொய்.

செவ்வாய்க்கிழமை நிபுணரைப் பார்க்கப் போனோம். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாமல் கதைப்பவர். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, பேனையால் காட்டினார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே குழாய் போல ஒரு வழி இருக்கிறது. மூளையிலிருந்து கைகால்களுக்குப் போகிற நரம்பு வடம் அதற்குள்ளால்தான் இறங்குகிறது. மற்றவர்களுக்கு வடத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் நீரும் இருக்கும். எனக்குப் பிறவியிலேயே அந்த வழி ஒடுக்கம். நான் இடித்த இடிகளில், எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கிற வட்டு ஒன்றும் பிதுங்கி, மிச்சமிருந்த இடத்தையும் அடைத்துவிட்டது. இனி இந்த விளையாட்டு இல்லை என்றார். இன்னொரு இடியில் கழுத்துக்குக் கீழே எல்லாம் போகலாம், மூச்சும் போகலாம். பிறகு அப்பாவைக் காட்டி, உங்கள் தகப்பனுக்கு இதைச் சொல்லுங்கள், அவருக்குக் கேள்வி இருந்தால் கேட்கச் சொல்லுங்கள் என்றார்.

அப்பா கதிரை நுனியில் இருந்து என் வாயைப் பார்த்தார். "என்னவாம்?"

"சுளுக்காம் அப்பா. ரெண்டு மூண்டு நாளிலை மாறிவிடுமாம்."

அப்பாவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் பார்க்கிறேன். டொக்டரைப் பார்த்துத் தலையாட்டினார். தாங்க்யூ டொக்டர், தாங்க்யூ டொக்டர். சாப்பாட்டில் ஏதும் பத்தியம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். நான் டொக்டரிடம், வேறு எதில் கவனமாக இருக்கவேண்டும் என்று அப்பா கேட்கிறார் என்றேன். நல்ல கேள்வி என்று டொக்டர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். கழுத்தில் யாரையும் கைவைக்க விடவேண்டாம், பிடித்துவிடுவது, திருப்புவது, நெட்டி முறிப்பது ஒன்றும் கூடாது, அது மைதானத்து இடியைப் போலவே ஆபத்து என்று நிதானமாக, அப்பாவின் கண்ணைப் பார்த்தபடி சொன்னார். அப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார். எங்கள் ஆட்கள் படித்தவர் கதைக்கும்போது அப்படித்தான் ஆட்டுவோம், அது மரியாதை. டொக்டர் அப்பாவுக்கு விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

"முட்டையும் பாலும் நல்லாக் குடுக்கட்டாம்" என்று நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

டொக்டர் அணியின் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தபாலில் போடவா என்று கேட்டார். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாங்கி விளையாட்டுப் பைக்குள் வைத்தேன். நான் மடையன் அல்ல. அவர் சொன்னது முழுக்க விளங்கியது. ஒரு ஆட்டம், ஒரேயொரு ஆட்டம், அதற்குப் பிறகு கடிதத்தைக் கொடுப்பேன் என்று எனக்கே சத்தியம் செய்தேன். இருபத்தொரு வயதில் மனிதன் தன்னிடம் என்னவெல்லாம் சொல்லிக்கொள்கிறான்!

நான் யோசிக்காதது ஒன்றுதான். தசை நோவு, நரம்பு வீக்கம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். சுளுக்கென்று சொன்னேன். சுளுக்கை டொக்டரோடு விட்டுவிடுகிற யாழ்ப்பாணத்துத் தகப்பன் உண்டா? மகனுக்குச் சுளுக்கு, சனிக்கிழமை பெரிய ஆட்டம். அப்பா அன்றிரவே தொழிற்சாலையில் விசாரித்து, பிறம்ரனில் இருக்கும் குலசிங்கம் அண்ணையைப் பிடித்துவிட்டார். அவர் பகலில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டி ஏற்றுபவர். பின்னேரங்களில் சுளுக்கு எடுப்பார், ஒரு சதமும் வாங்க மாட்டார். லொறி ஓட்டுகிறவர்கள், முதுகு பிடித்த கிழவர்கள் என்று எத்தனையோ பேரை நிமிர்த்தியவர். அவரை நான் குறை சொல்ல வரவில்லை.

புதனும் வியாழனும் அம்மா காலை, மத்தியானம், இரவு முட்டை அவித்துத் தந்தா. வியாழன் நாலு மணிக்கு அப்பா கார்த் திறப்போடு வந்து நின்றார். நான் வேண்டாம், தானாக மாறும் என்றேன். பயிற்சி இருக்கிறது என்றேன். அப்பா சிரித்தார்.

"நீ சனிக்கிழமை விளையாட வேணும் எண்டுதானே கூட்டிக்கொண்டு போறன். வேலையிடத்திலை ஒம்பது பேருக்கு ரிக்கற் எடுத்து வைச்சிருக்கிறன் தம்பி."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். காரில் சொல்லியிருக்கலாம், நாற்பது நிமிட ஓட்டம். வழி முழுக்க என் வாய்க்குள் அந்த வசனம் இருந்தது. ஆனால் சொன்னால் சனிக்கிழமை போய்விடும். மெதுவாகப் பிடிக்கச் சொல்லலாம், எண்ணெயைப் பூசிவிட்டு விட்டுவிடுவார், ஒன்றும் நடக்காது என்று யோசித்துக்கொண்டே போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா வானொலியைக் கூட்டி வைத்துத் தாளம் போட்டார்.

பேஸ்மென்டில் ஒரு பாய், ஒரு ஸ்ரூல், சூடாக்கிய நல்லெண்ணெய். குலசிங்கம் அண்ணை அகலக் கையால் என் பிடரியைத் தடவினார். அவர் விரல்கள் ஒரு இடத்தில் நின்றன, திரும்ப வந்து அதே இடத்தில் நின்றன. டொக்டர் என்ன சொன்னவர் என்று அப்பாவிடம் கேட்டார். சுளுக்குத்தானாம் என்று அப்பா சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். அசையாமல் பிடிக்கச் சொல்லி அப்பாவை என் பின்னால் நிறுத்தினார். "உடம்பைத் தளர விடும் தம்பி" என்று சொல்லி, என் நாடியையும் பிடரியையும் பிடித்துத் திருப்பினார்.

சத்தம் பெரிதாக இல்லை. உடம்பு முழுக்க ஒருதரம் வெள்ளையாக மின்னியது, பிறகு ஒன்றுமில்லை. நான் ஸ்ரூலிலிருந்து சரிந்தேன். அப்பா அதைச் சுகத்தில் சாய்கிறான் என்று நினைத்துச் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. என் கையை நான் தேடினேன். அது பாயில் என் முகத்துக்கு முன்னால் கிடந்தது, ஆனால் அது என்னுடையதாக இல்லை.

அம்புலன்சில் பலகையில் வைத்துத் தலையைப் பட்டியால் கட்டி, கடைசியில் அதே நகர மத்திய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்த நிபுணர் வெளிநாடு போயிருந்தார், வர மூன்று கிழமை. ஒரு இளம் பெண் டொக்டர் ஊசியால் கால், வயிறு, கை என்று குத்திக் குத்தி, கூராக இருக்கிறதா மழுங்கலாக இருக்கிறதா என்று கேட்டார். பல இடங்களில் அவர் குத்துகிறார் என்றே தெரியவில்லை. வடத்தின் நடுப்பகுதி நசுங்கியிருக்கிறது என்றார். அப்படி வந்தால் கைகள்தான் கூடப் பாதிக்கும், கால்கள் திரும்ப வரச் சந்தர்ப்பம் உண்டு. வரும் என்று அவர் சொல்லவில்லை. வீக்கம் குறையச் சேலைனில் மருந்து ஏற்றினார்கள், சலம் போகக் குழாய் போட்டார்கள். என்னைவிட மூன்று வயது கூடின ஒரு நேர்ஸ் என்னைத் திருப்பித் துடைத்தபோது, மாகாண நட்சத்திரம் கூரையைப் பார்த்துக்கொண்டு அழுதது.

பழைய படங்களை எடுத்துப் பார்த்த பெண் டொக்டர் அடுத்த நாளே வந்து, இதெல்லாம் உனக்கு முன்னமே சொல்லப்பட்டதல்லவா என்று கேட்டார். ஓம் என்றேன். உன் தகப்பனுக்குத் தெரியுமா? நான் சொல்கிறேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டு போனார். என்ன கேட்டவ என்று அப்பா கேட்டார். அலர்ஜி ஏதும் இருக்கிறதா என்று கேட்டவ என்றேன்.

ஐந்தாம் நாள் அறுவை. எலும்பின் பின்சுவரை வெட்டித் திறந்து வடத்துக்கு இடம் கொடுப்பது. லமினெக்ரமி என்று பெயர். சம்மதக் கையெழுத்துப் போட என் கை வராது, வாயால் சொன்னேன், இரண்டு பேர் சாட்சி. உள்ளே கொண்டுபோகும்போது அம்மா செபமாலையை என் நெஞ்சில் வைத்தா. அதை எடுக்கவேண்டும் என்று நேர்ஸ் சொன்னதும், தன் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் முழங்காலில் இருந்துவிட்டா.

கண் விழித்த மூன்றாம் நாள் வலது பெருவிரல் அசைந்தது. கால் பெருவிரல். அம்மாதான் முதலில் கண்டா, போர்வை அசைந்ததென்று. பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம். இரண்டாம் கிழமை கடைசியில் இரண்டு பேர் பிடிக்க எழும்பி நின்றேன். வலது கை வந்தது. இடது கை வருவேன் என்று சொல்லிக்கொண்டே நின்றுவிட்டது.

அப்பா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நேரே வருவார். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவார். என் தோளில் மட்டும் கை வைக்கமாட்டார். தலையணையைச் சரிசெய்யக்கூட நேர்ஸைக் கூப்பிடுவார். வந்து பார்க்கிற எல்லோருக்கும், பங்குச் சுவாமியாருக்கும், தொழிற்சாலை ஆட்களுக்கும் ஒரே கதையைச் சொன்னார். "நான்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நான் பிடிச்சிருக்காட்டி அவன் அசைஞ்சு தப்பியிருப்பான்." நான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். நாளைக்குச் சொல்வேன், அறுவை முடியட்டும், நடக்கத் தொடங்கட்டும். என் கோழைத்தனத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது.

ஒரு மத்தியானம் குலசிங்கம் அண்ணை வந்தார். தோடம்பழப் பையோடு கதவடியில் நின்றார், உள்ளே வரவில்லை. அப்பா எழும்பி ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அண்ணை என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். "பிடிச்ச உடனை விரலுக்குத் தெரிஞ்சது தம்பி, உள்ளை என்னவோ சரியில்லை எண்டு. நான் விட்டிருக்க வேணும். இனி ஒருதருக்கும் கை வைக்க மாட்டன்." தோடம்பழத்தை நிலத்தில் வைத்துவிட்டுப் போனார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் அப்பாவின் துக்கத்துக்கு ஒரு வழி கிடைத்தது. தொழிற்சாலையில் ஒரு போர்த்துக்கீசன் சொல்லியிருக்கிறான், டொக்டர் பிழையாகச் சொன்னால் கேஸ் போடலாம் என்று. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். சுளுக்கென்று சொன்ன டொக்டரை அவர் விடமாட்டார். எப்ப வருவார், எப்ப வருவார் என்று நேர்ஸ்மாரைக் கேட்டுக் கேட்டு நாளை அறிந்துவைத்தார். திங்கட்கிழமை. என் விளையாட்டுப் பையை அணியிலிருந்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஆஸ்பத்திரிப் பெயர் போட்ட ஒட்டின உறை ஒன்று இருந்ததாம். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, திறக்கப் பயந்து மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருந்தா. அப்பா அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் தட்டிக் காட்டினார். டொக்டர் எழுதின கடிதமே தன்னிடம் இருக்கிறதாம், இனித் தப்ப ஏலாதாம்.

அது ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒரு முழு நாள் இருந்தது. அப்பா பக்கத்தில் இருந்து கஞ்சி ஊட்டினார், நான் விழுங்கினேன்.

திங்கள் பத்து மணிக்கு நிபுணர் வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. அப்பா எழும்பினார். வேலைச் சட்டையை மாற்றி, பூசைக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தார். ஏன் சுளுக்கென்று சொன்னாய் என்று கேட்க ஒரு ஆங்கில வசனத்தைப் பாடமாக்கி வந்திருந்தார். "டொக்டர், யூ ரெல் ஸ்பிறெயின். வை யூ ரெல் ஸ்பிறெயின்?" உறையை நீட்டினார்.

டொக்டர் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒட்டு உடையவில்லை. அதன் மேல் அணி மருத்துவரின் பெயர் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. இதை நீதான் தகப்பனுக்குச் சொல்லவேண்டும், நான் இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"அவர் சுளுக்கெண்டு சொல்லேல்லை அப்பா."

"பின்னை?"

"இனி விளையாடக் கூடாதெண்டு சொன்னவர். கழுத்திலை ஒருதரையும் கை வைக்க விடக் கூடாதெண்டும் சொன்னவர். நான்தான் மாத்திச் சொன்னனான்."

அப்பா டொக்டரைத் திரும்பிப் பார்த்தார், அவர் ஏதாவது திருத்துவார் என்கிற மாதிரி. பிறகு என்னிடம் கேட்டார். "குலசிங்கம் அண்ணை வீட்டிலை நான் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை, உனக்குத் தெரியும்?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டே இருந்தனி?"

"ஓம் அப்பா. சொன்னால் சனிக்கிழமை விடமாட்டியள்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. டொக்டரிடம் போய், குனிந்து, சொறி டொக்டர் என்றார். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துத் திரும்பவும் சொன்னார். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேரே பிறம்ரனுக்குப் போய் வெயார்ஹவுஸ் வாசலில் நின்று, குலசிங்கம் அண்ணை வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு கேட்கிறவர்களுக்கு, விளையாட்டாலை வந்தது என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளும் அப்பா வந்தார், கஞ்சி ஊட்டினார். டொக்டர் உள்ளே வந்தபோது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய் ஒரு தமிழ்ப் பிள்ளை, யாரோ ஒருவரைப் பார்க்க வந்தவள், அவளைக் கூட்டிவந்து டொக்டருக்கு முன்னால் நிறுத்தினார்.

நான் நடக்கிறேன். இடது கையால் பொத்தான் போட வராது. அணி அந்தச் சனிக்கிழமை தோற்றது, என் இடத்தில் நின்றவனைப் பிழை சொல்ல முடியாது. அப்பா என்னோடு நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்பார், குளிர் காலத்தில் என் கோட்டுக்குப் பொத்தான் பூட்டிவிடுவார். ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

போன மாதம் அப்பாவுக்குக் கண் டொக்டர். கண்ணில் வெண்புரை வளர்ந்திருக்கிறது. எனக்கு அன்று வேலையில்லை, வருகிறேன் என்றேன். நீ இரு தம்பி, மெலனி வாறாள் என்றார். மெலனி என் சித்தப்பாவின் மகள். ஜேர்மனியிலிருந்து வந்து இரண்டு வருடம், அஜக்ஸில் இருக்கிறாள். அரைநாள் லீவு போட்டு, நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் ஓடி வருவாள். அவளுடைய ஆங்கிலம் இன்னும் தட்டுத் தடுமாறும். வந்ததும் வாசலில் நின்று, வெண்புரைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

லிஃப்ட் வந்தது. கதவு மூடும்போது அப்பா அவளிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "அவன் சொன்ன சொல்லு சரியோ எண்டு டொக்டரிட்டையும் ஒருக்காக் கேள் பிள்ளை."